நீலாயதாட்சியைத் தெரிந்தவர்கள்

பினாங்கில் பிறந்தவளுக்கு இந்தியா வெளிநாடுதான். அங்கே போய்த் திரும்பி வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள், "கோயிலெல்லாம் பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு கோயிலும் பார்க்கவில்லை. ரயிலில் யாரோ விரிஞ்சிபுரம் கோபுரத்தைக் காட்டினார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன. நான் போனது ஒரு சாவுச் செய்தியைச் சொல்ல.

என் மாமியார் தை மாதத்தில் இறந்தார். கடைசிப் பத்து வருஷம் அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவருடைய ஒரே மகனும் என் கணவருமான சிங்காரம், ஊரில் நிலத்தை விற்றுவிட்டு மூன்று மாதத்தில் வருவதாகக் கப்பல் ஏறியவர். முதல் வருஷம் நான்கு கடிதங்கள் வந்தன. அப்புறம் நாங்கள் போட்ட கடிதங்கள் எங்களிடமே திரும்பி வந்தன. ஆம்பூரிலிருந்து தோல் வியாபாரத்துக்காக வந்திருந்த ஒரு சாயபு, சிங்காரம் அங்கே ஒரு தோல் பதனிடும் இடத்தில் கணக்குப்பிள்ளையாக இருப்பதாகச் சொன்னார். நல்ல சுகமா என்று கேட்டேன். "சுகம்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை மிச்சம் வைத்து எழுந்து போனார். மாமியார் அதைப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சாகிறதற்கு முந்தைய வாரம் என் கையைப் பிடித்து, "நான் போய்ட்டா எம் மவன்கிட்ட நீயே போய் சொல்லு. கடுதாசி போடாத" என்றார்.

பெட்டியில் நாலு சேலைக்கு மேல் நாவலை வைத்தேன். போன நூற்றாண்டில் அச்சான கதை. தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. திருட்டுப் பழிக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய கணவனுக்காக நீலாயதாட்சி என்கிற பெண் பதினோரு வருஷம் காத்திருக்கிறாள். பெருவழியில் ஒரு சத்திரத்தில் சமைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட வருகிற ஒவ்வொரு வழிப்போக்கனிடமும் அவனைப் பற்றி விசாரிக்கிறாள். அவனோ மதுரையில் ஒருத்தியிடம் மயங்கிக் கிடக்கிறான். இதை மாமியாருக்கு எத்தனை முறை படித்துக் காட்டினேன் என்று கணக்கில்லை. "அடுத்த வருஷம் வந்துடுவான் பாரு" என்பார். நீலாயதாட்சியின் புருஷனைச் சொல்கிறாரா, தன் மகனைச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

கடல் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாந்தி எடுத்தேன். சென்னையில் ஒரு நாள் தங்கினேன். காப்பியில் நாங்கள் போடுவதைப்போல வெண்ணெயில் வறுத்த கொட்டை மணம் இல்லை. ஆனால் பால் பால்போல இருந்தது.

ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறிய பிறகுதான் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. எதிரில் இருந்தவள், "இன்னாம்மா, ஒண்டியாவா போற?" என்று கேட்டாள். பெட்டியில் எல்லாரும் என் மாமியாரைப்போலவே பேசினார்கள். அந்த 'இன்னா', அந்த 'ஒண்டி', வாக்கியத்தின் கடைசியைக் கடித்து விழுங்குகிற அந்த விதம். பினாங்கில் எங்கள் தெருவில் அப்படிப் பேசியவர் அவர் ஒருவர்தான். இனிமேல் கேட்கவே முடியாது என்று நான் நினைத்திருந்த குரல், முன்பின் தெரியாத முப்பது வாய்களிலிருந்து வந்தது. முகத்தை மறைக்கப் புத்தகத்தை விரித்தேன்.

மறைக்கவா விட்டார்கள்?

"நீலாயதாட்சி கதைதானே அது?" என்றாள் எதிரில் இருந்தவள். சத்துவாச்சாரியில் மருத்துவச்சியாம். சென்னையில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். அவளுக்கு அடுத்து, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுக்காரி குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். குப்பம்மாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைத்துனர் படித்ததில் முழுக் கதையும் மனப்பாடம்.

"எம் பொண்ணுக்கு அவ பேருதான் வச்சேன். மாமனாரு சாமி பேரு வைக்கணும்னாரு. இதுவும் சாமிதான்னு சொல்ட்டேன்" என்றாள் குப்பம்மா.

மருத்துவச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பதினோரு வருசம் காத்துனு இருந்தாளே, இன்னாத்துக்கு? அந்தக் கம்மனாட்டிக்கா?" என்றாள்.

"அவ பத்தினி."

"நானும் பத்தினிதான். எம் புருசன் ரெண்டு நா வரலைன்னா வெளக்குமாத்த எட்துனு தேடிப் போவேன்."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி நீலாயதாட்சிக்காக அழுதேவிட்டாள். அவளுக்குக் கதை தெரியாது. அங்கே சண்டையில் கேட்ட அளவுதான் தெரியும். மதுரைக்காரியைத் திட்டுவதில் மட்டும் இரண்டு கட்சியும் சேர்ந்துகொண்டன. "மயிர பிடிச்சி அறுக்கணும்" என்று மருத்துவச்சி தீர்ப்பு சொன்னாள். காட்பாடியில் அவள் இறங்கும்போது என் தாலியைப் பார்த்து, "உன் வூட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

"ஆம்பூரில்."

"நல்லது. சீக்கிரம் போய்ச் சேரு."

சீக்கிரம் போய்ச் சேர முடியவில்லை. குடியாத்தம் நிலையத்தில் ரயில் நின்றது. முன்னால் ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டிருக்கிறது, நாளைக்குத்தான் பாதை சரியாகும் என்றார்கள். பெட்டியின்மேல் உட்கார்ந்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். குப்பம்மா பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நீலாயதாட்சி புஸ்தகத்த வச்சினு ஸ்டேஷன்ல குந்தினு இருக்கிறதா? வா" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டில் களியும் கத்திரிக்காய்க் குழம்பும். பினாங்கில் மாமியார் எப்போதாவது கேழ்வரகு கிடைத்தால் கிண்டுவார். எனக்குச் சோறு தனியாக வைத்துவிடுவார். அதனால் நான் களி தின்னப் பழகவில்லை. மென்றேன். வீடே என்னை வேடிக்கை பார்த்தது. "மெல்லாத, முழுங்கு" என்று குப்பம்மாவின் மகள், அந்தச் சின்ன நீலாயதாட்சி, உருட்டிக் காட்டினாள். பக்கத்துத் தறிக்காரர்கள் புத்தகத்தைப் பார்க்க வந்தார்கள். கைக்குக் கை மாறியது. ஒருவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். பினாங்கிலும் எங்கள் வீட்டுக்கு எல்லாரும் வருவார்கள். ஆனால் கணவன் விட்டுப் போன வீடு என்ற நினைப்போடு வாசலிலேயே பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் எவ்வளவு நாளாக ஒருத்தர் முகத்தை மட்டுமே பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

மறுநாளும் ரயில் இல்லை. மோட்டார் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பாலாற்றைக் கடக்கிற இடத்தில் மணலின்மேல் கீற்றுப் பரப்பித் தடம் போட்டிருந்தார்கள். பாதி வழியில் பின்சக்கரம் கீற்றை விட்டு நழுவிப் புதைந்தது. டிரைவர் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார். "பெரிய பேஜாரா போச்சு" என்று முண்டாசை அவிழ்த்துக் கட்டினார்.

"ஆறு எங்கே?" என்று நான் ஒரு கிழவரிடம் கேட்டேன்.

அவர் என் காலைக் காட்டி, "நிக்கிறியே, இதான்" என்றார்.

மாமியார் பினாங்குக் கடலைப் பார்த்தபடி, "இன்னா இருந்தாலும் எங்க பாலாறு மாதிரி வருமா" என்பார். கண்ணுக்கெட்டிய வரை மணல். அதில் ஒருத்தி ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டுகொண்டிருந்தாள். ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. அவ்வளவு தித்திப்பான தண்ணீர் நான் குடித்ததில்லை.

ஆம்பூர் வருவதை மூக்கு முதலில் சொல்லிவிட்டது. சுண்ணாம்புக் குழிகளில் ஊறுகிற தோலும், ஆவாரம்பட்டையும், கடுக்காயும் கலந்த வாடை. எனக்குக் குமட்டியது. பஸ்ஸில் மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல்களில் பதனிட்ட தோல்கள் கொடியில் காய்ந்தன. ஒரு தோல் மண்டியில் இருந்த சாயபுவிடம் கணக்குப்பிள்ளை சிங்காரத்தின் வீட்டைக் கேட்டேன். "அந்த மூலையில, வேப்பமரத்து வூடும்மா. ஆனா அவரு வாணியம்பாடிக்குப் போய்ருக்காரு, சாயங்காலம் வருவாரு. வூட்ல சம்சாரம் இருக்கும்" என்றார்.

சம்சாரம்.

பினாங்கு சாயபு ஏன் தேநீரை மிச்சம் வைத்தார் என்று அந்தத் தெருவில் நின்றுகொண்டு புரிந்துகொண்டேன். திரும்பிப் போயிருக்கலாம். பஸ் இன்னும் நின்றிருந்தது. மாமியாருக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அதைவிட, பத்து வருஷம் எதற்காகக் காத்திருந்தேனோ அதை ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை; தூக்குகிற வயதைத் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. பினாங்கிலிருந்து வருகிறேன், சிங்காரத்தின் அம்மாவைப் பற்றிச் சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

"அவரு அம்மாவா? அவங்க செத்து ரொம்ப வருசம் ஆச்சுன்னு சொன்னாரே."

"தை மாதம்தான் இறந்தார்."

அவள் குழந்தையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "உள்ள வாங்கக்கா. வெயில்ல நிக்காதீங்க."

அவள் பெயர் கன்னியம்மா. மோர் கொடுத்தாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். நான் அவள்மேல் கோபப்பட முயன்றேன். அவள் என் காலில் ஒட்டியிருந்த ஆற்றுமணலைப் பார்த்து, "பஸ்ஸு பூந்துடுச்சா? அது தெனமும் பூந்துக்கும்" என்று சிரித்தாள். சேலை மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, நீலாயதாட்சி!"

பக்கத்து வீட்டு வாத்தியார் சம்சாரம் அவளுக்குப் பாதி வரை படித்துச் சொன்னாளாம். பிறகு வாத்தியாருக்கு மாற்றலாகி அவர்கள் காவேரிப்பாக்கம் போய்விட்டார்கள். "புருசங்காரன் மதுரைக்குப் போய் சேர்றான், அதோட நின்னுட்ச்சி. ரெண்டு வருசமா மண்டைக்குள்ளயே கொடையுது. இவருகிட்ட கேட்டா, பொம்பளைங்க கதையெல்லாம் எனக்குத் தெரியாதுன்றாரு. கொஞ்சம் படிக்கிறீங்களா அக்கா? அவரு வர்ற வரைக்கும்?"

அவருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

படித்தேன். ஆசிரியையின் தொண்டை, பழக்கத்தில் ஏற்ற இறக்கத்தோடு தானாகவே வந்தது. கன்னியம்மா குழந்தையின் தலையை மடியில் வைத்து ஈர் எடுத்துக்கொண்டே கேட்டாள். நீலாயதாட்சி சத்திரத்து அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்கிற இடத்தில், "அய்யோ பாவி" என்று தன் கையை உதறினாள். மதுரைக்காரி முத்துமாலையோடு வருகிற இடத்தில், "சிறுக்கி! ஊரான் புருசன் இவளுக்குக் கேக்குதா?" என்று பல்லைக் கடித்தாள்.

படிப்பதை நிறுத்தினேன். அந்த வரிகளை நூறு முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மாமியாரும் நானும் அவளைச் சபித்திருக்கிறோம். இப்போது அவளைத் திட்டுகிறவள் என் எதிரில் உட்கார்ந்து, என் கணவரின் குழந்தைக்குத் தலை பார்க்கிறாள்.

"இன்னாக்கா நிறுத்திட்டீங்க?"

"தொண்டை காய்ந்துவிட்டது."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடிக்கும்போது அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்குத் தெரியுமா அக்கா? அந்த மதுரைக்காரிக்கு? அவனுக்குப் பொண்டாட்டி இருக்கான்னு அவன் சொன்னானா?"

பக்கத்தைப் புரட்டினேன். எனக்கே தெரியவில்லை. "அது இதில் இல்லை" என்றேன்.

அவள் மறுபடி குழந்தையின் தலையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் விரல் மட்டும் நகர்ந்தது. அப்புறம் நிமிராமலேயே கேட்டாள்: "பினாங்குல அவங்க அம்மாவ யாரு பாத்துக்கினாங்க?"

"நான்தான்."

"நீங்க அவங்களுக்கு இன்னா ஒறவு?"

தெரிந்தவள், பக்கத்து வீட்டுக்காரி, ஆசிரியை என்று சொல்ல எத்தனையோ இருந்தன. கப்பலில், துறைமுகத்தில், பஸ்ஸில் எல்லாம் அப்படித்தான் சமாளித்து வந்தேன். ஆனால் அவள் ஏற்கெனவே என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருமகள்" என்றேன்.

கன்னியம்மா குழந்தையை எழுப்பி வெளியே விளையாட அனுப்பினாள். சமையல்கட்டுக்குள் போனாள். அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தேன். அரிசி களைகிற சத்தம்தான் வந்தது. வெகு நேரம் களைந்துகொண்டே இருந்தாள். பின்பு வெளியே வந்து தட்டை என் முன்னால் வைத்தாள். சோறும் ஒரு முட்டையும் இருந்தன. கண்கள் சிவந்திருந்தன.

"எனக்குத் தெரியாதுக்கா. எங்கப்பாகிட்ட ஒண்டிக்கட்டைன்னுதான் சொன்னாரு. எங்கம்மா மேல ஆணையா தெரியாது."

"தெரிகிறது. நீயும் உட்கார்ந்து சாப்பிடு."

அவள் உட்காரவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கதவில் சாய்ந்து நின்றாள். அவள் சொல்லவேண்டியதும் நான் கேட்கவேண்டியதும் அந்த அறையில் இடமில்லாமல் நின்றன.

சிங்காரம் விளக்கேற்றுகிற நேரத்தில் வந்தார். முன்தலையில் முடி போய்விட்டது. சட்டையில் ஆவாரம்பட்டை வாடை. என்னைப் பார்த்ததும் வாசல்படியிலேயே கால் நின்றுவிட்டது. பத்து வருஷமாக நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு இருந்தது. குளிக்கும்போது, கரும்பலகை துடைக்கும்போது எல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா போய்விட்டார். தை மாதம். கஷ்டப்படவில்லை" என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உண்மையான அழுகை. தோளில் கை வைக்க என் கை எழுந்தது. அதற்குள் கன்னியம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் முறை. அவள் ஏழு வருஷமாக உட்கார்ந்த இடம் அது.

பிறகு அவர் சொன்னார். நிலம் வழக்கில் போய்விட்டது, வெறுங்கையோடு திரும்பி வர வெட்கம், அப்புறம் நாள் ஓடிவிட்டது. கேட்டேன். காரணம் தெரிந்தால் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. கடைசியில், "நீ இங்கயே இருந்துடு தனம். அங்க உனக்கு யாரு இருக்கா?" என்றார்.

கன்னியம்மாவும், "இருங்கக்கா" என்றாள். மனதோடுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லும்போது சேலைத் தலைப்பை விரலில் இறுகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நீலாயதாட்சியாக இருந்தால் இருந்திருப்பாள். ரயில் பெட்டி முழுவதும் அதற்காக அவளைக் கும்பிட்டிருக்கும்.

"பள்ளிக்கூடம் திறக்கிறார்கள்" என்றேன்.

காலையில் பாதை சரியாகிவிட்டது. சிங்காரம் பெட்டியை ஸ்டேஷன் வரை தூக்கி வந்தார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டி எப்போது வரும் என்று விசாரிக்கப் போனார். கன்னியம்மா குழந்தையோடு என் பக்கத்தில் நின்றாள்.

"முடிவு இன்னா ஆச்சுக்கா?"

"அவன் ஒரு நாள் சத்திரத்துக்குச் சாப்பிட வருவான். குரலை வைத்து அவள் கண்டுபிடித்துவிடுவாள்."

"ஏத்துக்கினாளா?"

"ஏற்றுக்கொண்டாள். ஊர் கூடி அவளை வாழ்த்தும்."

"அவ?"

"யார்?"

"மதுரைக்காரி."

"விஷம் குடித்துச் செத்துப்போவாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இரண்டு வரி."

"ரெண்டே வரிதானா?" என்றாள். நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். குழந்தை பெரியவளாகிப் படித்துக் காட்டட்டுமே என்றேன். அவள் வாங்கவில்லை. "வேணாக்கா. நீங்களே எட்துனு போங்க" என்றாள். அதற்குப் பதிலாக ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். வழிக்குப் புளிச்சோறு கட்டியிருந்தாள். இன்னும் சூடாக இருந்தது.

வண்டி வந்தது. சிங்காரம் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, "உடம்ப பாத்துக்கோ" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கன்னியம்மா குழந்தையைத் தூக்கிக் கம்பிக்கு நேரே பிடித்தாள். நேற்றெல்லாம் என்னிடம் ஒட்டாத குழந்தை, என் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்க?" என்று கேட்டது.

சிங்காரம் வேறு பக்கம் பார்த்தார்.

"பெரியம்மாடி" என்றாள் கன்னியம்மா.

வண்டி நகர்ந்தது. அப்பாவின் மூத்த மனைவிக்கும் அந்தப் பெயர்தான். அம்மாவின் அக்காளுக்கும் அந்தப் பெயர்தான். எதை நினைத்துச் சொன்னாள் என்று கேட்க நேரமில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன்.